விம்கோ நகர்ல இறங்கினா: ஒரு தகர டப்பா, 400 தீப்பெட்டிப் படம்

இந்த எபிசோடைக் காதால் கேட்டவங்களுக்கு நடுநடுவே ரயில் சத்தம் கேட்டிருக்கும். எர்ணாவூர்ல எங்க ஆயா வீட்டுத் திண்ணையில் உக்காந்து பதிவு பண்ணினது, கும்மிடிப்பூண்டி லைன் கூப்பிடு தூரத்துல ஓடுது. எழுத்துல அந்தச் சத்தத்தை எடுத்துட்டோம். ஆயா குறுக்க பேசினதை மட்டும் சில இடத்துல விட்டு வெச்சிருக்கோம், அதை எடுத்தா எபிசோடே இல்லை.

முதல்ல ஒரு கேள்வி. ஏர்போர்ட்ல நீல லைன் மெட்ரோ ஏறி, தூங்கிட்டு, கடைசியில எழுந்தா எந்த ஸ்டேஷன்ல இருப்பீங்க? விம்கோ நகர் பணிமனை. அதுக்கு முந்தின ஸ்டேஷன் விம்கோ நகர். வண்ணாரப்பேட்டையோட நின்னுட்டிருந்த மெட்ரோ, 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி விம்கோ நகர் வரைக்கும் நீண்டது. சரி, யார் இந்த விம்கோ? என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் அது ஏதோ வெள்ளைக்காரக் கலெக்டர் பேருன்னே நெனச்சிட்டிருந்தார். இல்லை. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதோட சுருக்கம்தான் விம்கோ. மேட்ச்னா தீப்பெட்டி. ஒரு தீப்பெட்டிக் கம்பெனி பேர்ல நமக்கு ரெண்டு மெட்ரோ ஸ்டேஷனும் ஒரு மின்சார ரயில் ஸ்டேஷனும் இருக்கு.

எங்க தாத்தா திருவொற்றியூர்ல தீப்பெட்டி ஃபேக்டரியில பாக்கிங் பக்கம் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வீட்டுல மிஞ்சினது ஒரு சைக்கிள், ஒரு கைக்கடிகாரம், ஒரு பிஸ்கட் தகர டப்பா. டப்பாக்குள்ள தீப்பெட்டிப் படங்கள். பெட்டி இல்லை, பெட்டி மேல ஒட்டுற அந்தச் சின்னக் காகித லேபிள் மட்டும். ஏறக்குறைய 400. ரொம்ப வருஷமா அது கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு, யாரும் கண்டுக்கலை.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப இந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். வெள்ளத் தண்ணி மட்டும் வரலை, எண்ணெயும் சேர்ந்து வந்துச்சு. எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கறுப்பாப் போச்சு. ஆயா வீட்டுச் சுவத்துல இடுப்பு உயரத்துல ஒரு கோடு இன்னும் தெரியுது, ரெண்டு தடவை வெள்ளையடிச்சும் போகலை. டப்பா மூடி இறுக்கமா இருந்ததால பாதி தப்பிச்சது. அடியில இருந்த பாதியில ஓரமெல்லாம் பழுப்பா, எண்ணெய் ஊறின தடம்.

வீட்டுத் தரையைப் பேத்துப் போடணும், பணம் வேணும். அப்பதான் அம்மா சொன்னாங்க, "அந்த டப்பாவை யார்கிட்டயாவது காட்டேன், இதையெல்லாம் காசு குடுத்து வாங்குறவங்க இருக்காங்களாமே."

இருக்காங்க. காட்டினேன். நாலு பேர்கிட்ட காட்டினேன், நாலு பேரும் டப்பாவுல நாலு வேற வேற டப்பாவைப் பாத்தாங்க. இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

முதல் ஆள் ராயபுரத்துப் பெரியவர். ஹார்பர்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் மாலுமிங்ககிட்ட கேட்டு வாங்கின வெளிநாட்டுத் தீப்பெட்டியில ஆரம்பிச்ச பழக்கமாம். அவர் டப்பாவைத் தொடவே இல்லை. கையைக் கழுவி, துடைச்சு, ஒரு சின்ன இடுக்கியை எடுத்து, தபால்தலை எடுக்கிற மாதிரி ஒண்ணொண்ணா எடுத்து வெச்சார். அரை மணி நேரத்துல 400 படத்துலேர்ந்து 14 படத்தைத் தனியா பிரிச்சார். "இது பொருள். மத்ததெல்லாம் காகிதம்."

அந்த 14-ம் என்னன்னா, சாமி படம், யானை, மகாராஜா மாதிரி தலைப்பாகை கட்டின ஆள். பாக்க அசல் நம்ம ஊர். ஆனா கீழ குட்டியா இங்கிலீஷ்ல ஸ்வீடன்ல செஞ்சது, ஜப்பான்ல செஞ்சதுன்னு போட்டிருக்கு. இதுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்லணும்.

நாம இப்ப பயன்படுத்துற, பெட்டி ஓரத்துல மட்டும் உரசினா பத்துற தீப்பெட்டிக்கு வேர் ஸ்வீடன்ல இருக்கு. குச்சி முனை மருந்துல பொட்டாசியம் குளோரேட், பெட்டி ஓரத்துல சிவப்பு பாஸ்பரஸ், ரெண்டும் உரசினாத்தான் நெருப்பு. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இந்தியாவுக்குத் தீப்பெட்டி கப்பல்லதான் வந்துச்சு. ஸ்வீடன்லேர்ந்து, ஆஸ்திரியாலேர்ந்து, அப்புறம் ஜப்பான்ல கோபே, ஒசாகாலேர்ந்து. விக்கிறவன் அங்க, வாங்குறவங்க இங்க. வாங்குறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. அப்ப கடையில எப்படிக் கேப்பாங்க? "அந்த யானைப் பெட்டி குடு", "லட்சுமி பெட்டி குடு". படம்தான் பேரு. அதனால ரவி வர்மா அச்சுப் படங்களை ஐரோப்பாவுல பாத்துப் பாத்து, ரெண்டு அங்குலத்துக்குள்ள சுருக்கி, தங்க மையெல்லாம் போட்டு அடிச்சு அனுப்பினாங்க. சரஸ்வதியைப் பாத்தே இராத ஒருத்தர் வரைஞ்ச சரஸ்வதி. வீணையை அவங்க பிடிச்சிருக்கிற விதத்தைப் பாத்தா ஏதோ கிதார் வாசிக்கிற மாதிரி இருக்கும், பெரியவருக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அவர் லென்ஸைக் குடுத்துப் பாக்கச் சொன்னார். நீங்களும் இதைச் செஞ்சு பாக்கலாம். பழைய கல் அச்சுன்னா, அதாவது லித்தோ, நிறம் ஒரே பரப்பா நிக்கும். நிழல் வேணும்னா கையால வெச்ச புள்ளிங்க, ஒழுங்கில்லாம. பின்னாடி வந்த ஆஃப்செட் படத்தை லென்ஸ்ல பாத்தா புள்ளியெல்லாம் வரிசை பிடிச்சு நிக்கும். பெரியவரோட ரசனை முழுக்க இந்த இடத்துலதான். கை வெச்ச புள்ளி இருந்தா உயிர் இருக்கு, வரிசைப் புள்ளின்னா இல்லை. சிவகாசிப் படத்தைக் காட்டினா முகத்தைச் சுளிக்கிறார். கொஞ்சம் ஓவர்தான், ஆனா அவர் கண்ணு பொய் சொல்லலை. அந்த 14-ம் நிஜமாவே அழகு.

1922-ல வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு அரசாங்கம் சுங்க வரியை ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாயாக்குச்சு. குரோஸ்னா 144 பெட்டி. கப்பல்ல கொண்டுவந்து விக்கிறது கட்டுப்படியாகாமப் போச்சு. அதனால ஸ்வீடன் கம்பெனி, சரி, இங்கயே வந்து ஃபேக்டரி போடுவோம்னு முடிவு பண்ணி, 1923-ல விம்கோவைத் தொடங்குச்சு. அப்ப அந்த ஸ்வீடன் கம்பெனியை நடத்தினவர் ஈவார் க்ரூகர். உலகத் தீப்பெட்டி ராஜான்னே அவரைச் சொல்வாங்க. நாடுகளுக்கே கடன் குடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி விக்கிற ஏகபோக உரிமையை வாங்கிட்டிருந்த மனுஷன். 1932-ல பாரிஸ்ல தன்னைத் தானே சுட்டுக்கிட்டார், சாம்ராஜ்யம் சரிஞ்சது. அது தனி எபிசோடாப் பண்ண வேண்டிய கதை. நமக்கு வேண்டியது, அந்தக் கம்பெனியோட ஒரு கிளை திருவொற்றியூர்ல வந்து நின்னு, எங்க தாத்தாவுக்கு வேலை குடுத்துச்சுங்கிறதுதான். விம்கோ பின்னாடி ஐடிசி கைக்குப் போச்சு, அது பக்கத்து வருஷக் கதை, 2005.

அதே 1923-ல இன்னொண்ணும் நடந்துச்சு. சிவகாசியிலேர்ந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு உறவுக்காரங்க முந்தின வருஷம் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்து, சொந்த ஊர்ல தொழிலைத் தொடங்கினாங்க. அணில் மார்க் ஒருத்தருது, காக்கா மார்க் இன்னொருத்தருது. ஒரு பக்கம் ஸ்வீடன் மெஷின், இன்னொரு பக்கம் சிவகாசிக் கை. ஒரே வருஷம். தாத்தா டப்பாவுல இந்த ரெண்டு வம்சமும் கலந்து கிடந்துச்சு.

இப்ப ரெண்டாவது ஆள். தண்டையார்பேட்டையில கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல மெஷின் ஓட்டுற அண்ணன். அவர்கிட்ட பெரியவர் ஒதுக்கின 14-ஐக் காட்டினேன். "சூப்பரா இருக்குபா"ன்னு ஓரமா வெச்சிட்டு, மிச்சத்தைக் கீழ கொட்டினார். கொட்டினது ஒரு நிமிஷம், சிரிச்சது ஒரு மணி நேரம்.

அவருக்கு வேண்டியது தப்பு. அச்சுத் தப்பு. மஞ்சள் நிறம் ரெண்டு நூல் நகர்ந்து, புலிக்கு மீசை வேற இடத்துல முளைச்ச படம். சேஃப்டிங்கிற இங்கிலீஷ் வார்த்தையில எழுத்து இடம் மாறின படம். ஒரு பக்கம் கப்பல், அதே மாதிரி இன்னொரு கப்பல், ஆனா புகைபோக்கி ஒண்ணு கூட. கப்பல் மார்க் விம்கோவோட பேர்போன பெட்டி. நல்லா ஓடுற மார்க்குன்னா அதுக்குப் பக்கத்துல ஒரு ஒண்ணுவிட்ட தம்பி பொறந்துடும். கலர் அதே, வடிவம் அதே, படத்துல மட்டும் சின்ன மாத்தம். அவசரத்துல வாங்குறவங்க கவனிக்க மாட்டாங்க.

அண்ணன் சொன்ன விளக்கம் எனக்குப் புதுசு. ஏன் இவ்வளவு விதம்? பெரிய ஃபேக்டரிக்கு நாலஞ்சு மார்க் போதும், அதையே கோடிக்கணக்குல அடிக்கும். ஆனா அரசாங்கம் ரொம்ப காலமா மெஷின்ல செய்யிற தீப்பெட்டிக்கு ஒரு வரி, கையில செய்யிற சின்ன யூனிட்டுக்குக் குறைஞ்ச வரின்னு வெச்சிருந்துச்சு. அதனால சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, இந்தப் பக்கம் குடியாத்தம்னு சின்னச் சின்ன யூனிட் பெருகுச்சு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மார்க் வேணும். வடநாட்டுல மொத்தமா வாங்குற வியாபாரி, "என் ஊருக்கு என் படம் போட்டுக் குடு"ன்னு கேப்பார். மாம்பழம், சைக்கிள், விளக்கு, கிளி, விமானம், சினிமா ஸ்டார், எதுவும் படமாகும். இத்தனை லேபிள் அடிக்க அச்சகம் வேணும். லேபிளுக்காக வந்த அச்சகம்தான் பின்னாடி காலண்டர், டைரின்னு சிவகாசியை அச்சு ஊராக்குச்சு.

"அதாவது நைனா, உன் ஸ்வீடன் படம் ஒருத்தன் யோசிச்சு யோசிச்சு வரைஞ்சது. இது மத்தியானம் கேட்டு சாயங்காலம் குடுத்தது. நான் மெஷின்ல நிக்கிறவன். எனக்கு அந்த அவசரம் தெரியுது இதுல." அவர் விரல் வெச்ச இடத்துல சிவப்பு மை கொஞ்சம் இழுவிக் கிடந்துச்சு. பெரியவர் அதைக் குப்பைன்னு தள்ளியிருந்தார்.

இந்த மாதிரிப் பிரிவு நம்ம ஊருக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட அட்டை சேர்க்கிற பைத்தியம் ஒண்ணு உண்டு. அதுவும் நம்ம கதை மாதிரியேதான், வேற பொருளோட இலவசமா வந்தது. சிகரெட் பாக்கெட் நசுங்காம இருக்க வெச்ச அட்டையில ஆரம்பிச்சது, அப்புறம் பபிள்கம்மோட வந்துச்சு. 1909-லேர்ந்து 1911 வரைக்கும் சிகரெட்டோட வந்த டி206 வரிசையில ஹோனஸ் வாக்னர் அட்டை ஒண்ணு 2022-ல 72.5 லட்சம் டாலருக்குப் போச்சு. அதே வருஷம் டாப்ஸ் கம்பெனியோட 1952 மிக்கி மேன்டில் அட்டை 1.26 கோடி டாலர். டி206 ஆளுங்களுக்கு அந்தக் கல் அச்சு ஓவியம்தான் உசத்தி. இன்னொரு கூட்டத்துக்கு 1962 டாப்ஸ்ல மரப்பலகை மாதிரி போட்ட ஓரம் பிடிக்கும். வேற சிலருக்கு 1975-ல ரெண்டு கலர்ல பளீர்னு போட்ட ஓரம். 1971 அட்டைக்குக் கறுப்பு ஓரம், லேசா உரசினாலே வெள்ளை தெரியும், அதனால சிலருக்கு அது எரிச்சல். சிலருக்கு அதுவே சவால், நல்ல நிலையில கிடைக்கிறது அபூர்வம்ல. விக்காத 1952 அட்டைகளைப் படகுல ஏத்திக் கடல்ல கொட்டினதா, டாப்ஸ்ல அந்த அட்டையை வடிவமைச்ச சை பெர்கரே சொல்லியிருக்கார். ஹார்பர் ஏரியாக்காரங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கிற கதை.

தீப்பெட்டிப் படம் சேர்க்கிறதுக்கு ஃபில்லுமெனின்னு பேரு. 1943-ல மார்ஜோரி எவன்ஸ்ங்கிற பிரிட்டிஷ் பெண்மணி வெச்ச பேர். அதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ப் பசங்க பேரே இல்லாம அதைச் செஞ்சிட்டிருந்தாங்க. தரையில வட்டம் போட்டு, நடுவுல அட்டையை அடுக்கி, சில்லு எறிஞ்சு வெளிய தள்ளினா உனக்கு. தெருவுல எல்லாரும் உபயோகிக்கிற மார்க்னா அஞ்சு பாயிண்ட், எப்பவாவது கிடைக்கிற மார்க்னா நூறு. அழகுக்கு மதிப்பே கிடையாது, கிடைக்காததுக்குத்தான் மதிப்பு. மாமா ஒருத்தர் இன்னும் படத்தைப் பாத்தா "இது ஐந்நூறு"ன்னுதான் சொல்வார், ரூபாய் இல்லை, பாயிண்ட்.

மூணாவது ஆள், டிசைன் படிக்கிற தங்கச்சி ஒண்ணு. அவளைப் பத்தி நீட்ட வேண்டாம். அவ எடுத்தது எழுத்து மட்டும் இருக்கிற படம், ஒரே கலர், ஒரே வடிவம். ஸ்கேன் பண்ணிட்டு அசலைத் திருப்பிக் குடுத்துட்டா. அசல் அவளுக்கு வேணாமாம். எனக்கு அது இன்னும் புரியலை, ஆனா பணமும் கேக்காம எல்லாத்தையும் ஒழுங்கா ஸ்கேன் பண்ணிக் குடுத்த ஒரே ஆள் அவதான்.

நாலாவது ஆள் வியாபாரி. பழைய பொருள் வாங்கி விக்கிறவர், பேர் வேண்டாம். அவர் கண்ணுல ரசனையே கிடையாதுன்னு நெனச்சிருந்தேன், தப்பு. அவர்தான் நான் கேட்டே இராத ஒரு விஷயத்தைப் பாத்தார். படத்தைத் திருப்பினார். பின்பக்கம்.

சேர்க்கிறவங்களுக்குள்ள பெரிய சண்டை ஒண்ணு பின்பக்கத்தைப் பத்தியது. ஒரு கூட்டம் பெட்டியில ஒட்டாத புது லேபிளைத்தான் வாங்கும், பின்பக்கம் பசையே படாம சுத்தமா இருக்கணும். இன்னொரு கூட்டம் சொல்லும், பெட்டியில ஒட்டாத லேபிள் வேலைக்கே போகாத லேபிள். கடைக்குப் போய், யாரோ சட்டைப் பையில இருந்து, அடுப்பைப் பத்த வெச்சுட்டு, அப்புறம் தண்ணியில ஊற வெச்சு உரிச்சதுதான் உண்மையான படம். இவங்களுக்கு ஓரத்துல மரச்சிம்பு ஒட்டிட்டிருந்தாகூட சந்தோஷம். பழைய பெட்டியெல்லாம் மெல்லிசா சீவின மரத்துல செஞ்சது இல்லையா. பின்னாடி பெட்டி அட்டைக்கு மாறி, படத்தை அட்டையிலேயே நேரா அச்சடிச்சு மடிக்க ஆரம்பிச்சப்ப, லேபிள்ங்கிற பொருளே காணாமப் போச்சு. அதனால மடிக்காத தட்டை அட்டையை மட்டும் சேர்க்கிற மூணாவது கூட்டமும் உண்டு. ஒரு டஜன் பெட்டியைச் சேர்த்துக் கட்டின காகிதத்து மேல ஒட்டுற பெரிய லேபிளுக்கு எப்பவும் கிராக்கி, ஏன்னா கடைக்காரர் முதல்ல கிழிக்கிறதே அதைத்தான்.

தாத்தாவோட விம்கோ படங்கள் ஒட்டாதது. பாக்கிங் பக்கம் இருந்தவர், மிச்சம் கிடந்ததை எடுத்துட்டு வந்திருக்கார். பின்பக்கம் சுத்தமா இருக்கணும். ஆனா சுத்தமா இல்லை. பென்சில்ல எழுதியிருக்கு. "அரிசி 2 படி." "கருவாடு 40 காசு." "சீட்டு கட்டியாச்சு." வெறும் காகிதம் கையில இருந்திருக்கு, மனுஷன் கணக்கு எழுதியிருக்கார்.

வியாபாரி உதட்டைப் பிதுக்கினார். "எழுத்து இருந்தா விலை இல்லைங்க." அந்த 14-க்கு மொத்தமா ஒரு விலை சொன்னார். நாலாயிரம். அதுல மூணு எண்ணெய்த் தடத்தோட இருக்கு, அதுக்கும் சேர்த்துத்தான். மிச்சம் 380-ஐயும் "கிலோ கணக்குல வேணா எடுத்துக்கறேன்"னார். சொன்னா நம்ப மாட்டீங்க, நான் சரின்னு சொல்ற நிலைமையிலதான் இருந்தேன். டைல்ஸ் போடுறவர் முன்பணம் கேட்டுட்டிருந்தார்.

அன்னைக்கு ராத்திரி ஆயா முன்னாடி எல்லாத்தையும் பரப்பி வெச்சேன். எது வேணும், எது போகலாம்னு அவங்கதானே சொல்லணும். நான் எதிர்பார்த்தது, சாமி படத்தை எடுத்து வெச்சுக்குவாங்கன்னு. ஆயா லட்சுமியை ஒரு தடவை பாத்தாங்க.

"இந்தம்மா இன்னா இவ்ளோ வெள்ளையா கீது? இது போட்டும். சாமி படம் கட்டிலுக்கு அடியில இருக்கக் கூடாது."

14-ம் ஒரே வாக்கியத்துல போச்சு. அப்புறம் சிவகாசிக் குவியல்ல கையை விட்டு, சிறுத்தையோட ஒரு ஆள் சண்டை போடுற படத்தை எடுத்தாங்க. தமிழ்நாட்டுல ஒரு தலைமுறைக்கே தெரிஞ்ச படம் அது. "இந்தப் பெட்டிதான் கடையில வாங்குவோம். உங்க தாத்தா கம்பெனிப் பெட்டி காசு ஜாஸ்தி." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. தீப்பெட்டிக் கம்பெனி ஆள் வீட்டுல வேற தீப்பெட்டி! (அந்த விலை வித்தியாசம்தான் பிரஸ் அண்ணன் சொன்ன வரி வித்தியாசம், ஒரு வகையில.)

அதுக்கப்புறம் ஒரு கப்பல் படத்தை எடுத்தாங்க. சாதாரணப் படம், டப்பாவுல அதே மாதிரி முப்பது இருக்கும். பெரியவரும் பாக்கலை, அண்ணனும் பாக்கலை, விலையும் கிடையாது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பி என்கிட்ட நீட்டி, "இன்னா எழுதிக்கீறாரு?"ன்னாங்க.

படிச்சேன். "ஆஸ்பத்திரி 3 ரூபா. பையன்."

எங்க மாமா பொறந்த நாள் அது. ராயபுரத்துல பிரசவம் பாத்தாங்க. ஆயா கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் அடுத்ததை எடுத்து நீட்டினாங்க. அப்படியே ராத்திரி பதினொண்ணரை வரைக்கும் நான் பின்பக்கம் படிச்சேன், அவங்க கேட்டாங்க. முன்பக்கம் என்ன படம்னு ரெண்டு பேருமே பாக்கலை. நடுவுல ஒரு தடவை, "கருவாடு நாப்பது காசா? பொய் எழுதிக்கீறாரு"ன்னு ஆயா சண்டைக்கு வந்தாங்க, போன மனுஷனோட.

முடிவுல என்ன பண்ணினோம்னா, 14-ல எண்ணெய்த் தடம் இல்லாத 11-ஐ ராயபுரம் பெரியவருக்கே குடுத்தோம். அவர் வியாபாரி சொன்னதைவிட நல்ல விலை குடுத்தார், ரெண்டு தவணையா. அதை வெச்சு வீட்டுக்குள்ள பாதித் தரை முடிஞ்சுது, சமையல் பக்கம் இன்னும் சிமெண்டுதான். தடம் இருக்கிற மூணை அவர் வாங்க மாட்டேன்னுட்டார். பிரஸ் அண்ணன் கேட்டார், "அதை நான் எடுத்துக்கறேன், தடத்தைச் சுத்தம் பண்ணாம அப்படியே குடு. எந்த வருஷத் தண்ணின்னு பின்னாடி எழுதி வெச்சுக்கறேன்." பெரியவர்கிட்ட இதைச் சொன்னப்ப தலையில அடிச்சுக்கிட்டார். ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உக்கார வெச்சு ஒரு எபிசோட் பண்ணணும்னு ஆசை, ரெண்டு பேரும் மாட்டேங்கிறாங்க.

அவரோட மூணு போக, சிவகாசித் தப்புப் படங்கள்ல ஒரு இருபதும் அண்ணன்கிட்ட இருக்கு. கடனா. எழுத்து இருக்கிறது எல்லாம் ஆயாகிட்ட.

இப்ப உங்க வீட்டுல இந்த மாதிரி டப்பா இருந்தா என்ன செய்யணும், சுருக்கமா சொல்லிடறேன். பெட்டியில ஒட்டின படத்தை நகத்தால உரிக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில மிதக்க விடுங்க, தானா கழண்டு வரும். சில பழைய மை தண்ணியில கலையும், அதனால முதல்ல ஓரத்துல ஈர விரலை வெச்சுப் பாருங்க. எடுத்ததை மை ஒத்துற தாள்ல கவுத்து வெச்சு, மேல புஸ்தகத்தை வெச்சுடுங்க. கோந்து, செல்லோ டேப் ரெண்டும் வேண்டாம். கடல் பக்கத்து வீடுன்னா உப்புக் காத்துல தகர டப்பா துருப்பிடிக்கும், எங்க டப்பா மூடி அப்படித்தான் பொடிஞ்சது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்துங்க, உள்ள சிலிகா ஜெல் பொட்டலம் ரெண்டு போடுங்க. ராமபாணப் பூச்சி வரும், மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்க. தரையில வைக்காதீங்க. பரண்ல வைங்க. எங்க ஏரியாவுல இதை நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை.

போட்டோ எடுத்து அனுப்புறவங்க முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு அனுப்புங்க. லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, ப்ளீஸ். போன தடவை ஒருத்தர் பண்ணிட்டு அனுப்பினார், ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை எனக்கு.